முத்திரையைத் தேய்த்தவள்

பதினேழாவது முறையாகப் பட்டை உடைந்த அன்று, சோதனை ஓட்டத்துக்குப் போன லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் சுளுக்கிய மாடுபோல நொண்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்து சேர்ந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். மாடியில் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆய்வகப் பொறுப்பாளருக்கு, அவன் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பதாகப் பட்டது.

லாரியின் பாரத்தைத் தாங்க, அச்சுக்கு மேல் அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகளை வில்போல வளைத்துக் கட்டியிருப்பார்களே, அவற்றைச் செய்வதற்காகவே ராணுவம் அந்தத் தொழிற்சாலையைத் திறந்திருந்தது. அதுவரை எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஒரு வருடம் எங்கோ இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டதில் கப்பல் வரவில்லை. பாதி லாரிகள் முட்டுக்கல்மேல் உட்கார்ந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்கு மருந்து போகவில்லை, சந்தைக்குக் காய்கறி வரவில்லை. அப்போதுதான் மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். குதிரைப்படை இருந்த காலத்து லாயங்களை இடித்து உலை போட்டார்கள். கட்டாயச் சேவைக்கு வந்த முந்நூறு பையன்களின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு இடுக்கியைக் கொடுத்தார்கள். சீருடை போடாமல் உள்ளே வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் ஆய்வகப் பொறுப்பாளரான அவளும் ஒருத்தி. தொழிற்சாலையில் அவள் ‘மேடம்’. அக்கா வீட்டில் மட்டும் ‘சின்னவள்’.

அன்று மாலையே கர்னல் கூப்பிட்டனுப்பினார். அவர்தான் தொழிற்சாலைக்குத் தலைவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கூடத்தில் பையன்களோடு வரிசையில் நிற்பார், தின்ற தட்டைத் தானே கழுவுவார். “சுடத் தெரிஞ்சவன் ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கான், இரும்பைச் சுடவைக்கத் தெரிஞ்சவன்தான் இல்ல” என்று அடிக்கடி சொல்வார்.

“துண்டைப் பார்த்தீங்களா மேடம்?”

“பார்த்தேன் சார். இரும்புல குறை இல்ல.”

“அப்போ குறை நம்மகிட்டதான்.” அவர் நாற்காலியில் உட்காராமல் மேசையோரம் சாய்ந்து நின்றார். “நம்ம தண்ணி லாரி டிரைவர் ஒரு விஷயம் சொன்னான். பழைய சந்தை ரோட்டுல ஒரு பட்டறை இருக்காம். அங்க போட்ட பட்டை ஆறு வருஷமா உடையலையாம். பட்டறைக்காரர் உங்களுக்குச் சொந்தமாமே?”

“அக்கா வீட்டுக்காரர் சார்.”

“நான் ஆர்டர் போட்டா நாலு பேரை அனுப்பி அவரை ஜீப்புல ஏத்திட்டு வந்துடலாம். அது அசிங்கம். எனக்கு அதுல இஷ்டமில்ல.” மேசைமேல் இருந்த நாள்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். “ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறது உங்களுக்கு வழக்கம்தானே?”

அப்போது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘அவரை மரியாதையாக் கூப்பிட்டு யோசனை கேளுங்க சார், வருவார்’ என்று சொல்லியிருந்தால் கர்னல் மறுத்திருக்கவும் மாட்டார். நுனி நாக்குவரை வந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதர் இந்த வாசலுக்குள் வந்து, டிப்ளமா படித்தவளால் இரண்டு வருடமாகக் கண்டுபிடிக்க முடியாததை அரை நாளில் சொல்லிவிட்டுப் போனால், அப்புறம் அவளுக்கு அங்கே என்ன வேலை? வந்த வார்த்தையை விழுங்கினாள். ஜீப்பிலிருந்து அத்தானைக் காப்பாற்றுகிறோம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதுமே, பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், உடைந்த பட்டையில் ஒரு சாண் துண்டை எடுத்துக்கொண்டு கிரைண்டர் அருகே போனாள். சக்கரத்துக்குள் நட்சத்திரம் வைத்த ராணுவ முத்திரை அதில் ஆழமாக விழுந்திருந்தது. பாதி உடைப்பு விளிம்போடு போயிருந்தது, மீதி பாதி துண்டில் இருந்தது. தீப்பொறி பறக்கப் பறக்க அந்த மீதியைத் தேய்த்தெடுத்தாள். துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தபோது, கடையில் எதையோ எடுத்து மறைத்துக்கொண்டவள்போல இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அத்தானை ஊரில் ‘பட்டையார்’ என்பார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை. அதில் இரண்டு உலை, ஒரு எண்ணெய்த் தொட்டி, ஆறு வேலையாட்கள். அப்பா அம்மா போனபிறகு பன்னிரண்டு வயதில் அவள் அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டது இந்த வீட்டில்தான். படிப்பதற்கு இடமில்லை என்று, கொட்டகை மூலையில் அவளுக்கொரு மேசை செய்து போட்டவர் அத்தான். அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது சம்மட்டியடியை நிறுத்திவைத்து, வந்த லாரிக்காரர்களிடம் “நாளைக்கு வாய்யா, வீட்ல படிப்பு நடக்குது” என்று சொல்லி அனுப்பிய மனிதர்.

சாப்பாடு முடிந்ததும் அவள் துண்டை எடுத்தாள்.

“தெரிஞ்ச லாரிக்காரர் ஒருத்தர் குடுத்தார் அத்தான். எதனால உடைஞ்சதுன்னு பார்க்கச் சொன்னார். எனக்குப் புரியல.”

அவர் அதை வாங்கிக் கொட்டகைப் பக்கத்துக் கொல்லை வாசல் வெளிச்சத்துக்குப் போனார். உடைந்த முகத்தைப் பார்த்தார், திருப்பினார். பிறகு தேய்த்த இடத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

“இங்க ஏதோ அடையாளம் இருந்திருக்கு. யாரோ தேய்ச்சிருக்காங்க. தேய்ச்சது புதுசு, இன்னும் துருகூட ஏறல.”

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவள் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. அவள் சொல்லவில்லை.

“சரி, வா. காட்டுறேன்” என்றார் அத்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவளுக்காக இரண்டு உலைகளையும் மூட்டினார். பட்டை பழுத்ததும் எண்ணெயில் இறக்குவதற்குமுன், பழைய இரும்புக் கட்டி ஒன்றைக் காய்ச்சி எண்ணெய்க்குள் போட்டுச் சூடேற்றினார். “பச்சை எண்ணெயில இறக்கக் கூடாது. தூங்குறவன் மூஞ்சியில தண்ணி ஊத்துற மாதிரி, பட்டை பதறிப்போயிடும்.” எண்ணெயிலிருந்து எடுத்ததைத் தரையில் வைக்கவே இல்லை. கையில் பிடித்தால் பொறுக்கிற சூடு இருக்கும்போதே மிதமாகக் காய்ந்த இரண்டாம் உலைக்குள் தள்ளினார். “ஆறவெச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா, ராத்திரியோட ராத்திரியா உள்ள மயிரிழை விரிசல் விட்டுடும். கண்ணுக்குத் தெரியாது.” தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் தோய்த்ததை மறுநாள் காலை ஷிப்ட்தான் இரண்டாம் உலையில் வைத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அப்புறம் இந்தத் துண்டு. இது மேல்பக்கம். பாரம் ஏறினா இழுபடுற பக்கம். இங்க போயா அடையாளம் குத்துவாங்க? துணியில கத்திரி பட்ட இடம்தானே முதல்ல கிழியும்? எழுத்து குத்தணும்னா நுனியில, பாரம் படாத இடத்துல குத்தச் சொல்லு.”

‘சொல்லு’ என்றுதான் சொன்னார். யாரிடம் சொல்ல என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இதெல்லாம் அவள் பாடப்புத்தகத்தில் இருந்ததுதான், வேறு வார்த்தைகளில். எண்ணெய்ச் சூட்டைப் பற்றி ஆறு மார்க் கேள்விக்குப் பதில் எழுதி ஆறும் வாங்கியிருந்தாள். திரும்புகிற பஸ்ஸில், மறந்துபோகாமல் இருக்க டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். பேனா சரியாக எழுதவில்லை, அழுத்தி எழுதியதில் டிக்கெட் கிழிந்தது.

அதன்பிறகு பட்டை உடையவில்லை. கல்லும் குழியுமான மலைப்பாதையில் மூன்று மாதம் ஓட்டினார்கள், உடையவில்லை. தளபதி வந்தார், பந்தல் போட்டார்கள், நாற்பது லாரிகள் சொந்த நாட்டுப் பட்டையோடு வரிசையாகப் போயின. முந்நூறு பையன்களும் கைதட்டியபோது அதில் பொய் ஒன்றுமில்லை, அவர்கள் நிஜமாகவே ஒரு தொழில் கற்றிருந்தார்கள். மேடையில் அவளைக் கூப்பிட்டுப் பதக்கம் குத்தினார்கள். செய்முறைத் தாளில் ‘உருவாக்கியவர்: ஆய்வகப் பொறுப்பாளர்’ என்று அச்சடித்து, உலைக்கு உலை மாட்டினார்கள். செய்தித்தாளில் வந்த படத்தை அக்கா வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினாள். அதைப் பக்கத்து வீட்டுக்காரிகள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அலமாரியைக் கூடத்துக்கு நகர்த்தினாள். அத்தான் படத்தைப் பார்த்துவிட்டு, “படத்துல கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே” என்று மட்டும் சொன்னார்.

எட்டு மாதம் கழித்து அந்த உத்தரவு வந்தது. ‘பாதுகாப்பை முன்னிட்டு’ என்று ஆரம்பித்தது. இனி லாரியோ பஸ்ஸோ, ராணுவ முத்திரை உள்ள பட்டை மாட்டியிருந்தால்தான் தகுதிச் சான்று. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயமும் இருந்தது. கண்ட பட்டறையில் செய்த பட்டை உடைந்து பஸ் கவிழ்ந்த கதையும் உண்டு. ஆனால் உத்தரவுக்குக் கண்ட பட்டறை எது, பட்டையார் பட்டறை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒரு மாதத்தில் பழைய சந்தை ரோட்டில் லாரிச் சத்தம் அடங்கியது. வேலையாட்களில் இரண்டு பேர் நகரத்துக்குப் போனார்கள், மூன்று பேர் சுமை தூக்கப் போனார்கள். மிச்சம் இருந்த ஒருவர் காது மந்தமான கிழவர். ‘வேலை இல்ல, வராதீங்க’ என்று மூன்று நாள் சொல்லியும், கேட்காததுபோலத் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அக்கா ஒருநாள் அவளுடைய குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கதவருகே செருப்பைக் கழற்றியவள், உள்ளே வந்து உட்காராமல் சுவரில் மாட்டியிருந்த பதக்கத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“உங்க கர்னல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். உன் பேச்சுக்குத்தான் அங்க இவ்ளோ மதிப்பு இருக்கே. உங்க அத்தான் செய்யிற பட்டைக்கும் முத்திரை குத்திக் குடுத்தா என்ன?”

“கேக்குறேன்க்கா.”

“எங்களுக்குன்னு வேற யாருடி இருக்கா?”

அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் இறங்கிய இடத்தை அவளால் இன்றைக்கும் தொட்டுக் காட்ட முடியும். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, அத்தான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கர்னல் பொறுமையாகக் கேட்டார். “ராணுவ முத்திரையைத் தனியார்கிட்ட குடுக்க முடியாது மேடம். அது என் கையில இல்ல. ஆனா ஆள் எடுக்கிறோமே, உங்க அத்தானை வரச் சொல்லுங்க. நல்ல கைக்காரர்.” நிஜமாகவே ஒரு நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார்.

நேர்காணலில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: ஒரு மேஜர், ஒரு எழுத்தர், மூன்றாவதாக அவள். ‘சொந்தக்காரர், நான் இருக்கக் கூடாது’ என்று சொல்லிப் பார்த்தாள். ஆய்வகத்திலிருந்து ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி, ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. அத்தான் தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பரீட்சைக்கு வந்த பையன்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“படிப்பு?” என்றார் மேஜர்.

“அஞ்சாவது.”

“வயசு?”

“நாப்பத்தெட்டு.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்பத்தைந்துக்கு மேல் உலைக்காரர் பதவிக்கு எடுக்க முடியாது, உதவியாள் பதவிக்கு எடுக்கலாம். மேஜருக்கு ஏனோ ஆளைப் பிடித்துப்போயிற்று. செய்முறைத் தாளைக் கையில் எடுத்து, “எண்ணெயில இறக்குறதுக்கு முன்னாடி என்ன செய்யணும், தெரியுமா?” என்றார்.

அத்தான் சொன்னார். அப்புறம் என்ன என்றார் மேஜர், அதையும் சொன்னார். முத்திரை எங்கே குத்தவேண்டும் என்று கேட்டார், நுனியில் என்றார். மேஜர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“அச்சு அசலா இருக்கே! இதெல்லாம் இங்க கண்டுபிடிச்ச முறையாச்சே. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?”

அவள் மேசைக்கடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். சொல்லிவிடுவார், சொல்லிவிடட்டும் என்று இருந்தது. சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

“சொந்தத்துல ஒருத்தங்க இந்த வேலையில இருக்காங்க சார்” என்றார் அத்தான். “அவங்க மூலமாத் தெரியும்.”

மேஜர் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினார். “அப்போ மேடம்தான் வாத்தியாரா!”

எழுத்தர் தாளை அவள் முன்னால் நகர்த்தினார். ‘உலை உதவியாள், இரண்டாம் நிலை.’ அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் வேலைக்கு வந்தவர் அவளை நடைபாதையில் பார்த்ததும் ஒதுங்கி நின்று, “வணக்கம் மேடம்” என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தொழிற்சாலையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அவரும் சொன்னார். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சுவரில் மாட்டிய செய்முறைத் தாளைக் காட்டி, “தாத்தா, இதுல இருக்கிற மாதிரி செய்யணும், இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது” என்று அவருக்குப் பாடம் எடுத்ததையும், அவர் “சரிங்க” என்று தலையாட்டியதையும் அவள் ஒருநாள் கண்ணால் பார்த்தாள்.

இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வரிசையில் நின்றபோது, மேற்பார்வையாளர் நிற்கிற மரப்பலகைமேல் ஏறினாள்.

“அந்தத் தாள்ல என் பேர் இருக்கு. அது என்னோடது இல்ல. அதுல இருக்கிறதெல்லாம் இவர் சொல்லிக்குடுத்தது.” அத்தானைக் கைகாட்டினாள். “நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லாம வாங்கிட்டு வந்தேன்.”

நூறு பையன்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அத்தான் கையில் இடுக்கியோடு நின்றார். அவர் முகம் உலை வெளிச்சத்திலும் வெளுத்துப்போனது தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை. சங்கு ஊதியது, அவரவர் வேலைக்குப் போனார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்தபிறகு அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திவிட்டு, ‘மேடம்’ என்பதை விட்டுவிட்டுப் பேசினார்.

“எதுக்கு இப்படிப் பண்ணின?”

“உண்மையைத்தானே அத்தான் சொன்னேன்.”

“உண்மையைச் சொல்றதுக்கு ஒரு நாள் இருந்துச்சு. நான் உன் மூஞ்சியைப் பார்த்துட்டு நின்னேன், ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீ கேட்டிருந்தா நானே இங்க வந்து உக்காந்து சொல்லிக்குடுத்திருப்பேன். என்ன, பசங்கதானே. வண்டி ஓடுது, மருந்து போகுது, யார் செஞ்சா என்ன? நீ எடுத்துட்டு வந்ததுகூட எனக்குப் பெருசில்ல. கேட்டாக் குடுக்காதவன்னு என்னை நினைச்சியே, அதுதான்.”

அவள் மேசைமேல் கிடந்த செய்முறைத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“உன் பாரம் இறங்கணும்னு என் தலையில வெச்சுட்ட. நேத்துவரைக்கும் நான் இங்க ஒரு உதவியாள், அவ்ளோதான். இனி ஒவ்வொருத்தனும் என்னைப் பாவமாப் பார்ப்பான். பட்டறையும் போச்சு, வித்தையும் போச்சு, சொந்தக்காரியே ஏமாத்திட்டான்னு. இதை உங்க அக்கா காதுல போடாம நான் ஒரு வருஷம் காப்பாத்தி வெச்சிருந்தேன்.”

சாயங்காலத்துக்குள் அக்கா காதுக்குப் போய்விட்டது. கர்னல் காதுக்கு அதற்கு முன்பே போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. செய்முறைத் தாள் ராணுவ ஆவணம், அதில் உதவியாள் பெயர் போட வழியில்லை என்றார். அவள் தன் பெயரையாவது எடுத்துவிடச் சொன்னாள். அது முடியும் என்றார். அடுத்த வாரம் பெயர் இல்லாத தாள்கள் வந்தன. கூடவே அவளைத் துறைமுகக் கிடங்குக்கு மாற்றிய உத்தரவும் வந்தது. அங்கே இறக்குமதியாகும் இரும்பைச் சரிபார்க்கிற வேலை. பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கர்னல் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டு, “நாட்டுக்கு நல்லதுதானே செஞ்சீங்க, ஏன் இப்படி மனசைப் போட்டு அலட்டிக்கிறீங்க?” என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஊரைவிட்டுப் போகும் அன்று காலை அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். பஸ் எத்தனை மணிக்கு, போர்வை எடுத்து வைத்தாயா என்று கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டாள். அலமாரிக் கதவில் படம் அப்படியேதான் ஒட்டியிருந்தது. கிழித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“அக்கா, என்னைத் திட்டேன்.”

“திட்டி என்ன ஆகப்போகுது?” டம்ளரை எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒரு டம்ளர் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது அக்காவும் வந்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கிளம்புறேன்க்கா.”

“சரி. பார்த்துப் போ.”

அவள் படியிறங்கித் தெருவில் கொஞ்சம் நின்றாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, கடைக்குப் போனாலும் சரி, அந்த வாசலில் ‘போயிட்டு வா’ என்று சொல்லாமல் அக்கா அவளை அனுப்பியதில்லை. இப்போது சொல்வாள், இதோ சொல்லிவிடுவாள் என்று பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பின்னால் கதவு மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.